ஆகாது

அண்ணிக்கும் நாத்தனாருக்கும் ஆகாது என்பது உலகம் அறிந்த விஷயம். எங்கள் வீட்டிலும் அந்த வார்த்தைதான் பொழுதன்றைக்கும் ஒலிக்கும். ஆனால் சொல்பவர் அண்ணி, சொல்லப்படுவது என்னை அல்ல. மேசைமேல் கிடக்கும் ஏதாவது ஒரு பச்சைப் பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுவார். "ஆகாது" என்பார். அவ்வளவுதான், அந்தப் பலகைக்கு மேல்முறையீடு கிடையாது. பழைய சாமான் கடைக்காரர்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயரே ஆகாதம்மா. "ஆகாதம்மா வராங்கடா, உருப்படியா இருக்கிறதை எடுத்து மேல வை" என்று ஒரு கடைக்காரர் சத்தம் போட்டதை நானே கேட்டேன். அண்ணிக்கும் கேட்டது. கோபப்படவில்லை. பட்டம் வாங்கியவர் மாதிரி நிமிர்ந்து நடந்தார்.

பச்சைப் பலகை என்று நான் சொல்வதைத் தொழிலில் போர்டு என்பார்கள். பெரிய தொழிற்சாலை எதிலும் ஓர் இரும்புப் பீரோ நிற்கும். அதற்குள் அலமாரிப் புத்தகங்கள் போல இந்த போர்டுகள் வரிசையாகச் செருகியிருக்கும். எந்த வால்வு எப்போது திறக்க வேண்டும், எந்த மோட்டார் எப்போது நிற்க வேண்டும் என்று உத்தரவு போடுவது அவைதான். மெஷின் என்னவோ இரும்பு, இரண்டு தலைமுறைக்கு உழைக்கும். போர்டுக்கு அவ்வளவு ஆயுசு இல்லை. அதைச் செய்த கம்பெனியோ அந்த மாடலை எப்போதோ தலைமுழுகியிருக்கும். அந்த நிலைமையில்தான் என் அண்ணிக்கு போன் வரும். அதே போர்டு உலகத்தில் எந்த மூலையில் தூங்குகிறது என்று தேடிப் பிடித்து, சோதித்துப் பார்த்து, ஆகும் ஆகாது சொல்வது அவர் தொழில்.

எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்தவர். தன் வேலையைப் பற்றி அடக்கமாகப் பேசும் வழக்கமெல்லாம் இல்லை. "எனக்குத் தெரியும்னா தெரியும்னுதானே சொல்லணும்? தலையைச் சொறிஞ்சுக்கிட்டு நிக்கச் சொல்றியா?" என்பார். அந்தத் திமிர் எனக்கு ரொம்பப் பிடிக்கும். அவரிடம் சொன்னதில்லை. நாத்தனார் என்கிற பதவிக்கு ஒரு மரியாதை வேண்டாமா?

அவருடைய பட்டறை எங்கள் அண்ணன் வீட்டு மாடி அறை. உடைத்து எடைக்குப் போட்ட பீரோக்களிலிருந்து வாங்கிய கூண்டுகள் சுவரோரம் நிற்கும். போர்டைக் கூண்டில் செருகி மின்சாரம் கொடுத்தால், அது வால்வுக்கு அனுப்புகிற உத்தரவு இங்கே ஒரு சின்ன பல்புக்குப் போகும். ஒரு வால்வுக்கு ஒரு பல்பு. பல்புகள் முறைப்படி மாறி மாறி எரிந்து அணைந்தால் போர்டுக்குப் புத்தி சரியாக இருக்கிறது என்று அர்த்தம். ஆனால் அதோடு விட மாட்டார். மரப்பெட்டி ஒன்று வைத்திருக்கிறார். உள்ளே வெள்ளித்தாள் ஒட்டி, சூடேற்ற ஒரு பெரிய பல்பும், காற்றைச் சுற்றிவிட ஒரு குட்டி ஃபேனும் பொருத்தியிருக்கும். அடைகாக்கும் பெட்டி என்பான் அண்ணன். போர்டை அந்தச் சூட்டில் வைத்து நாள்கணக்கில் ஓட விடுவார். அதற்கு அவர் சொல்லும் வார்த்தை, ஊறப்போடுவது.

இந்த வார்த்தையால்தான் அண்ணன் மாட்டிக்கொண்டான். கல்யாணமான புதிது. அண்ணி மேசைமேல் இருந்த ஒரு போர்டைக் காட்டி, "நான் கடைக்குப் போயிட்டு வந்து இதை ஊறப்போடணும், ஞாபகப்படுத்துங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். புது மாப்பிள்ளை, பெண்டாட்டிக்கு ஒத்தாசை செய்யத் துடிக்கிறவன். அகலமான பேசின் எடுத்தான், வெந்நீர் விட்டான், துணி துவைக்கிற சோப்புத்தூளை அள்ளிப் போட்டு போர்டை முக்கிவிட்டான். போதாததற்குப் பழைய பல் பிரஷ்ஷால் இடுக்கெல்லாம் தேய்த்துவிட்டு, சபாஷ் வாங்கக் காத்திருந்தான்.

அண்ணி வந்து பேசினைப் பார்த்தார். அப்போது நானும் அங்கே இருந்தேன். குடும்பத்தின் முதல் சண்டையை நேரில் பார்க்கப் போகிறோம் என்று வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்தேன். ஏமாற்றிவிட்டார். போர்டை எடுத்து நல்ல தண்ணீரில் அலசினார், ஸ்பிரிட்டால் துடைத்தார், அடைகாக்கும் பெட்டியில் வைத்து ஈரம் போகும்வரை காயவிட்டார். பிறகு கூண்டில் செருகினால் பல்புகள் கச்சிதமாக எரிகின்றன. "மின்சாரம் இல்லாம நனைஞ்சா ஒண்ணும் ஆகாது. நல்லாத்தான் துவைச்சிருக்கீங்க. இனிமே இது உங்க வேலை" என்றார். அன்றிலிருந்து அழுக்கு போர்டு எது வந்தாலும் துவைப்பது அண்ணன்தான். அரசாங்க ஆபீஸில் உட்கார்ந்து முத்திரை குத்துகிறவன், சாயங்காலம் வீட்டுக்கு வந்து பல் பிரஷ்ஷைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவான்.

அண்ணிக்கு இன்னொரு பழக்கம் உண்டு. நெயில் பாலிஷ் அழிக்கிற திரவத்தை பாட்டில் பாட்டிலாக வாங்குவார். அவர் நகத்தில் வாழ்க்கையில் ஒருநாளும் சாயம் பட்டதில்லை. ஃபேன்சி கடைக்காரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உங்க அண்ணி இதைக் குடிக்கிறாங்களா என்ன?" என்று கேட்டே விட்டார். குடிக்கவில்லை. பஞ்சில் நனைத்து, போர்டில் இருக்கும் சிப்புகளின் முதுகைத் துடைத்துப் பார்க்கிறார். அசல் சிப்பாக இருந்தால் பஞ்சு வெள்ளையாகவே திரும்பும். போலிக்காரர்கள் பழைய சிப்பின் பெயரைச் சுரண்டிவிட்டு, கறுப்பு பூசி, வேறு பெயரை அச்சடித்து விற்பார்கள். அதைத் துடைத்தால் பஞ்சு கறுத்துவிடும்.

இனி என் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். என் கணவருக்கு பாட்டில் செய்கிற கண்ணாடித் தொழிற்சாலையில் உலை இயக்குபவர் வேலை. கண்ணாடி உலைக்கு ஓய்வு என்பதே கிடையாது. அதை ஆறவிட்டால் உள்ளே குழம்பாகக் கொதிக்கும் கண்ணாடி பாறையாக இறுகிவிடும். உலையை இடித்துத்தான் எடுக்க வேண்டும். இடிக்க நேர்ந்தால் மறுபடி கட்டப் போவதில்லை, தொழிற்சாலையை மூடிவிடுவோம் என்று நிர்வாகம் முன்பே சொல்லியிருந்தது. எங்கள் தெருவில் பாதி வீட்டு அடுப்பு அந்த உலையை நம்பித்தான் எரிகிறது.

அந்த உலைக்கு எரிவாயு விடுகிற வால்வுகளை ஆள்வது ஒரு ஜோடி போர்டு. ஒன்று படுத்தால் மற்றொன்று தானாகப் பொறுப்பேற்கும். அதில் ஒன்று ஒருநாள் ஒரேயடியாகப் படுத்துவிட்டது. பொறுப்பேற்ற இரண்டாவதோ கிழம், அவ்வப்போது தும்மும். தும்மினால் தீ ஒரு கணம் தாழ்ந்து எழும். என் கணவரும் கூட்டாளிகளும் முறை வைத்துக்கொண்டு கைவால்வுப் பக்கத்திலேயே நின்றார்கள். வீட்டுக்கு வந்தால் சாப்பிடும்போதும் அவர் கை எதையோ திருகுவது போலவே இருக்கும்.

தொழிற்சாலையின் மின்சாரப் பொறியாளரை எல்லோரும் ஃபியூஸ் சார் என்பார்கள். சட்டென்று சூடாவார், சட்டென்று அடங்கிவிடுவார். கெட்டிக்கார மனுஷன். முதல் போனை அவர் என் அண்ணிக்குத்தான் போட்டார்.

அண்ணி எங்கெங்கோ பேசி, வெளிநாட்டு வியாபாரி ஒருவரிடமிருந்து ஒரு போர்டை வரவழைத்தார். உறை பிரிக்காத புத்தம் புதுசு. பிரித்தபோது அறையே பளிச்சென்று ஆன மாதிரி இருந்தது. கூண்டில் செருகினார். பல்புகள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையில் போவது போல ஒன்றன்பின் ஒன்றாக எரிந்து அணைந்தன. அண்ணன் கைதட்டினான். நான் என் கணவருக்கு போன் போட்டு, "கெடைச்சாச்சு!" என்று கத்தினேன்.

அண்ணி பஞ்சை எடுத்தார். ஒவ்வொரு சிப்பாகத் துடைத்துக்கொண்டே வந்தார். வெள்ளை, வெள்ளை, வெள்ளை. நடுவில் இருந்த பெரிய சிப்பைத் துடைத்துவிட்டுப் பஞ்சைத் திருப்பினார். கண்மை துடைத்த மாதிரி கறுப்பு.

"ஆகாது" என்றார்.

"வேலை செய்யுதே அண்ணி!"

"செய்யுது. ஆனா இது இன்னாருன்னு தெரியாது. பேரை மாத்திக்கிட்டு வந்து நிக்குது."

"அந்த ஒண்ணை மட்டும் மாத்திப் போடுங்களேன்."

"அது தனியா கெடைக்கிற சாமானா இருந்தா, அதுல எதுக்குப் போலி பண்றான்?"

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "ஆபத்துக்குப் பாவமில்ல அண்ணி. அங்க அவரு ராப்பகலா வால்வைப் புடிச்சுக்கிட்டு நிக்கிறாரு. நீங்க இங்க பஞ்சை வெச்சுக்கிட்டு நியாயம் பேசறீங்க!"

"ஆபத்துக்குப் பாவமில்லதான். ஆனா இதுதான் ஆபத்து."

அண்ணனைப் பார்த்தேன். மதில்மேல் பூனையாக உட்கார்ந்து கூரையை ஆராய்ந்துகொண்டிருந்தான். நான் விடவில்லை. பிடிவாதம், ஈகோ, சொந்த நாத்தனார் புருஷன் என்கிற ஈரம்கூட இல்லை என்று வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். வருத்தமெல்லாம் படவில்லை. புருஷனுக்காகக் கத்தாமல் வேறு யாருக்காகக் கத்துவது?

ஃபியூஸ் சார் நேரிலேயே வந்தார். பல்புகளைப் பார்த்தார், பஞ்சை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இப்ப வேலை செய்யுதுல்ல?"

"செய்யுது சார்."

"எவ்வளவு நாளைக்குச் செய்யும்?"

"தெரியாது. தெரியாததைத்தான் நான் ஆகாதுன்னு சொல்றேன்."

அவர் சூடாகப் போகிறார் என்று ஆசையோடு பார்த்தேன். கொஞ்ச நேரம் பஞ்சையே உருட்டிக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப நீங்க தேடுங்கம்மா. உலையை நாங்க புடிச்சுக்கறோம்" என்று எழுந்துவிட்டார். என் கட்சியில் நான் மட்டும்தான் மிஞ்சினேன்.

அந்தப் புது போர்டை அண்ணி தூக்கிப்போடவில்லை. அடைகாக்கும் பெட்டிக்குள் வைத்து மூடி, "ஊறட்டும். இன்னாருன்னு அதுவே சொல்லட்டும்" என்றார். அது ஊறியது. பல்புகள் அழகாக எரிந்து அணைந்துகொண்டே இருந்தன. ஒவ்வொரு நாளும் அண்ணனுக்கு போன் போட்டு, "இன்னும் ஓடுதா?" என்று கேட்பேன். ஓடுது என்பான். "ஓடத்தானே செய்யும்!" என்று வைத்துவிடுவேன். அண்ணியோடு பேச்சுவார்த்தை இல்லை.

அவர் தேடும் விதமே தனி. முதலாளிகளுக்கு போன் பண்ண மாட்டார். அவர்களுக்குத் தங்களிடம் என்ன இருக்கிறது என்றே தெரியாது என்பார். ஸ்டோர்காரர்களைத்தான் பிடிப்பார். போர்டு இருக்கா என்று கேட்க மாட்டார். இருக்கா என்றால் இல்லை என்பதுதான் எந்த ஸ்டோர்காரருக்கும் வாயில் வருகிற பதில். "அண்ணே, உங்க ஸ்டோர்ல யாருமே கைவைக்காத அலமாரி எது?" என்று ஆரம்பிப்பார். அந்த அலமாரியைப் பற்றிப் புலம்ப எல்லா ஸ்டோர்காரருக்கும் ஒரு கதை இருக்கும். கதையைக் கேட்டுக்கொண்டே அலமாரியைத் திறக்க வைத்து, போட்டோவும் எடுத்து அனுப்ப வைத்துவிடுவார்.

அப்படித்தான் துணிக்குச் சாயம் போடும் மில் ஒன்றிலிருந்து ஒரு போட்டோ வந்தது. மில்லில் துணி உலர்த்தும் மெஷினுக்கு யாரோ எப்போதோ மாற்றாக வாங்கி, பெட்டியைத் திறந்தபடியே வைத்து மறந்த போர்டு. லேபிளில் வேறு பெயர், வேறு எண். வேறு யாராக இருந்தாலும் தள்ளிவிட்டுப் போயிருப்பார்கள். அண்ணி போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தார். போர்டின் ஓரத்தில் மஞ்சள் கம்பி ஒன்று, கையால் பற்றவைத்தது, கோணலாக ஓடியது. செய்த கம்பெனியே பிற்பாடு கண்டுபிடித்த ஒரு பிழைக்கு அவர்களே போட்ட ஒட்டு அது. படுத்துப்போன உலை போர்டிலும் அதே இடத்தில் அதே கோணல். "சட்டைதான் வேற. ஆளு அவனேதான்" என்று அண்ணி துள்ளியதாக அண்ணன் சொன்னான்.

வந்து சேர்ந்ததைப் பார்க்கச் சகிக்கவில்லையாம். நூல்பிசிறு அடை அடையாக அப்பி, ஒரு பக்கம் நீலச்சாயம் ஏறி, இடுக்கில் பல்லி முட்டை ஓடுகள். அண்ணனுக்கு மட்டும் முகமெல்லாம் பல். இப்படி ஓர் அழுக்கு அவன் கைக்கு வந்து எவ்வளவோ காலமாகிவிட்டது. அவன் துவைத்து, அண்ணி காயவைத்து, வயதாகி வீங்கிப்போன கெப்பாசிட்டர்களைப் பிடுங்கிப் புதிது வைத்து, பஞ்சால் எல்லாச் சிப்பையும் துடைத்தார். எல்லாம் வெள்ளை. அதையும் பெட்டிக்குள் இன்னொரு தட்டில் ஊறப்போட்டார்.

அந்த வாரம் ஒரு மத்தியானம் நான் அண்ணி வீட்டுக்குப் போனேன். சமாதானத்துக்கு அல்ல, அவர்கள் வீட்டுச் சல்லடை ஒன்று என்னிடம் கிடந்தது, அதைத் திருப்பிக் கொடுக்க. மாடிக்கு ஏறினேன். அண்ணி ஏதோ திருகாணியைக் கழற்றிக்கொண்டிருந்தார். "வா" என்றார். நான் சல்லடையை நீட்டினேன். இரண்டு பேரும் பல்புகளைப் பார்த்தோம். மேல் வரிசை பளபளப்பு போர்டுக்கு, கீழ் வரிசை பல்லி போர்டுக்கு. இரண்டும் ஒழுங்காக எரிந்து அணைந்துகொண்டிருந்தன.

"பாத்தீங்களா, இன்னும் ஓடுது" என்றேன்.

சொல்லி வாய் மூடவில்லை. மேல் வரிசையில் எல்லா பல்பும் ஒன்றாக எரிந்தன. எரிந்து, அணையாமல் அப்படியே நின்றன.

முதலில் அழகாகத்தான் இருந்தது. பிறகுதான் உறைத்தது. ஒரு பல்பு என்றால் ஒரு வால்வு. இது மேசை இல்லை, உலை என்றால், எரிவாயு வால்வு எல்லாம் ஒரே நேரத்தில் முழுசாகத் திறந்திருக்கும். அப்படித் திறந்தால் மொத்தத்தையும் வெட்டிவிட வேறொரு பாதுகாப்பு உண்டு என்று என் கணவர் சொல்லியிருக்கிறார். வெட்டினால் உலை ஆறும், அது தனி. ஆனால் வெட்டுவதற்குள் தீ ஒரு மூச்சு வெளியே வந்துவிட்டுத்தான் போகும் என்றும் சொல்லியிருக்கிறார். அந்த உலைவாய்க்கு எதிரேதான் அவர் கைவால்வைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். இதை அனுப்பச் சொல்லித்தான் நான் தொண்டை கிழியக் கத்தினேன்.

அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டேன். அண்ணி மேல் வரிசையின் சுவிட்சை அணைத்தார். நாற்காலியை இழுத்துப் போட்டார், தண்ணீர் கொடுத்தார். நான் காத்திருந்தேன். அன்றைக்கே சொன்னேனே என்று சொல்வார், சொல்லட்டும், வாங்கிக்கொள்வோம் என்று. நானாக இருந்தால் அந்த வார்த்தையை வைத்து வருஷக்கணக்கில் குடும்பம் நடத்தியிருப்பேன். அவர் சொல்லவில்லை. "பயந்துட்டியா? குடி" என்றார். அவ்வளவுதான்.

அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அந்தக் கையில் நெயில் பாலிஷ் திரவ வாடை அடித்தது. உலகத்தில் எந்த நாத்தனாருக்கும் இப்படி ஓர் அண்ணி வாய்த்திருக்க மாட்டார் என்று அப்போது தோன்றியது. இப்போதும் அதே எண்ணம்தான்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்தப் பல்லி போர்டு ஓடுதுல்ல? அதையாவது இப்பவே அனுப்பிடலாமா?" என்றேன்.

"ஊறட்டும்" என்றார். சிரிப்பு வந்துவிட்டது.

நன்றாக ஊறவிட்டு, சூட்டைக் கூட்டிப் பார்த்து, குறைத்துப் பார்த்து, ஒருநாள் காலையில் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "ஆகும்" என்றார். அண்ணன் எனக்கு போன் போட்டு அந்த ஒரு வார்த்தையை மட்டும் சொன்னான். நான் தெருவில் இறங்கி, பக்கத்து வீடு எதிர் வீடு எல்லாருக்கும் சொன்னேன்.

போர்டை மடியில் வைத்துக்கொண்டு அண்ணியே தொழிற்சாலைக்குப் போனார். அவரே பீரோவில் செருகினார். ஃபியூஸ் சார் பக்கத்தில் கைகட்டி நின்றாராம். உலைக்காரர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்களாம். துவைத்தும் போகாத நீலக்கறையைக் காட்டி யாரோ, "இதுவா?" என்று கேட்டதற்கு என் கணவர், "எங்க தங்கச்சி ஆகும்னு சொல்லியாச்சு. மூடுங்க கதவை" என்றாராம். அதை என்னிடம் சொல்லும்போது அவர் மார்பு ஒரு சுற்றுப் பெருத்திருந்தது.

அப்புறம் சில நாள் கழித்து, நல்ல பட்டப்பகலில், தும்மிக்கொண்டிருந்த கிழட்டு போர்டு ஒரேயடியாகக் கண்ணை மூடியது. அது தெரிந்ததே பீரோவில் சிவப்பு விளக்கு எரிந்த பிறகுதானாம். பல்லி போர்டு அதற்குள் பொறுப்பை வாங்கிக்கொண்டுவிட்டது. தீ ஒரு மயிரிழைகூடத் தாழவில்லை. வேலை முடிந்து வந்த என் கணவர் தட்டின் முன் உட்கார்ந்து சாப்பிட்டார். அவர் கை எதையும் திருகவில்லை. சோற்றை மட்டும் பிசைந்தது. அதைப் பார்த்துக்கொண்டே அண்ணிக்கு போன் போட்டேன்.

"அண்ணி, பழைய போர்டு போயிடுச்சாம்!"

"ஐயோ, நம்ம போர்டு எப்படி இருக்கு?"

எனக்குச் சுருக்கென்றது. "ஏன், என் புருஷன் எப்படி இருக்காருன்னு முதல்ல கேக்கத் தோணலையா உங்களுக்கு?"

"அதைத்தானே கேட்டேன்" என்றார் அண்ணி. "போர்டு நல்லா இருந்தா அவரும் நல்லாத்தானே இருப்பாரு?"